தலைவர் மாஸ்க் போட்டால் நாமும் போடுவோமா?

வாசகர் கேள்வி:
"கொரோனா காலத்தில் மக்கள் தங்கள் தலைவர்களைப் பார்த்துத்தான் நடந்துகொண்டார்கள் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. சாவு பயம் வந்தால் அவனவன் தன் உயிரைப் பார்த்துக்கொள்வான். பிடித்த தலைவர் 'ஒன்றுமில்லை' என்று சொன்னதற்காக யாராவது நோய் இருக்கும் கூட்டத்துக்குள் போவார்களா?"

ஜூன் 3, 2024

போவார்களா என்றால், போனார்கள். பிரேசிலில் அதற்குக் கைபேசித் தரவே சாட்சி.

2020 மார்ச் 15 அன்று ஆதரவாளர்கள் நடத்திய பேரணியில் அதிபர் பொல்சனாரோ நேரில் போய்க் கைகொடுத்தார். மார்ச் 24 இரவு நாடு முழுக்க ஒளிபரப்பான உரையில், தான் பழைய விளையாட்டு வீரர், வந்தாலும் தனக்குச் சின்னக் காய்ச்சல் மாதிரிதான் இருக்கும் என்றார். அஜ்சென்மன், கவல்கான்டி, ட மாட்டா என்ற மூன்று பொருளியலாளர்கள் இந்த இரண்டு நாட்களுக்கு முன்னும் பின்னும் மக்கள் நடமாட்டம் எப்படி இருந்தது என்று நகராட்சி வாரியாகப் பார்த்தார்கள். அவருக்கு ஓட்டு அதிகம் விழுந்த ஊர்களில் வீட்டில் இருப்பது மற்ற ஊர்களைவிடக் குறைந்திருந்தது. உள்ளூர் ஊடகம் நன்றாகப் பரவியிருந்த இடங்களில் இந்தக் குறைவு இன்னும் அதிகம். பேச்சு எவ்வளவு காதில் விழுந்ததோ அவ்வளவுக்கு ஆட்கள் வெளியே வந்திருக்கிறார்கள்.

"சாவு பயம் வந்தால்" என்கிறீர்கள். அந்தப் பயம் எங்கிருந்து வரும்? கிருமி கண்ணுக்குத் தெரியாது. முதல் சில வாரங்களில் பெரும்பாலானோருக்குத் தெரிந்தவர்கள் யாரும் சாகவும் இல்லை. பயப்பட வேண்டுமா வேண்டாமா என்பதையே யாரோ ஒருவர் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தோம்.

ஜூன் 3, இரவு

"ஆய்வெல்லாம் யாரும் சொல்வார்கள், நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்" என்று ஒருவர். சரி.

நான் அப்போது ஒரு கிடங்கில் ஷிப்ட் பொறுப்பாளர். மாஸ்க் கட்டாயம் என்று நோட்டீஸ் ஒட்டியாயிற்று. கையெழுத்து எங்கள் மேலாளருடையது. காலைக் கூட்டத்துக்கு அவர் ஒழுங்காக மாஸ்க் போட்டுக்கொண்டுதான் வருவார். பேச வாயெடுத்ததும் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு அதைத் தாடைக்கு இழுத்துவிடுவார். "மாஸ்க் விஷயத்தில் யாரும் அலட்சியமாக இருக்கக் கூடாது" என்பார். பேசி முடித்ததும் மேலே ஏற்றிக்கொள்வார்.

கொஞ்ச நாளில் கிடங்கு முழுக்க அதே பழக்கம். சும்மா நிற்கும்போது மூக்கு வாய் எல்லாம் மூடியிருக்கும், பேசும்போது மட்டும் தாடைக்கு வந்துவிடும். எச்சில் தெறிப்பது பேசும்போதுதான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. சுமை இறக்கும் பெரியவர் ஒருவர் என்னிடம் விடுப்பு கேட்க வந்தார். ஆறடி தள்ளி நின்றவர், கிட்டே வந்து, மாஸ்க்கைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார். மரியாதையாம்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த மேலாளரை அங்கே யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது.

ஜூன் 5

நல்ல ஆட்சேபம் ஒன்று வந்திருக்கிறது: "அலட்சியமான ஆட்கள்தான் அலட்சியமான தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் அவர்கள் அப்படித்தான் திரிந்திருப்பார்கள். காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போடுகிறீர்கள்."

பாதி சரி. அமெரிக்கத் தரவில் இந்தச் சிக்கல் உண்டு. 2020 மார்ச் 9 முதல் மே 29 வரை சுமார் 1.5 கோடி கைபேசிகளின் நடமாட்டத்தைப் பார்த்த ஆய்வில், 2016-ல் டிரம்ப்புக்கு ஓட்டுப் போட்ட மாவட்டங்களில் விலகியிருத்தல் 14 சதவீதம் குறைவு என்று வந்தது. இதை மட்டும் வைத்துக்கொண்டு டிரம்ப்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அந்த ஊர்களில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கலாம், வேலை வேறு மாதிரி இருக்கலாம், அவர்கள் பார்க்கும் செய்திச் சேனல் வேறாக இருக்கலாம். ஆய்வாளர்கள் இவற்றில் பலதைக் கணக்கில் கழித்துத்தான் பார்த்தார்கள், ஆனாலும் சந்தேகம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

பிரேசில் ஆய்வு எனக்குப் பிடிப்பதற்குக் காரணம் அந்தத் தேதிகள். ஊரும் அதே, ஓட்டாளர்களும் அதே. நடுவில் ஒரு பேரணி, ஒரு உரை. அதற்கு முன் இல்லாத வித்தியாசம் அதற்குப் பின் வருகிறது என்றால் அதை ஊர்க் குணம் என்று தள்ளிவிட முடியாது.

அமெரிக்காவிலேயே இன்னொரு ஆய்வு இருக்கிறது, அது இதைவிட ருசியானது. மாநில ஆளுநர்கள் சட்டம் போடுவதற்கு முன் "வீட்டில் இருங்கள்" என்று வெறுமனே கேட்டுக்கொண்டார்கள் அல்லவா, அந்த நாட்களை மட்டும் பிரித்துப் பார்த்தார்கள். ஜனநாயகக் கட்சி செல்வாக்குள்ள ஊர்கள், தங்கள் கட்சி ஆளுநர் கேட்டுக்கொண்டதைவிட, டிரம்ப்பின் குடியரசுக் கட்சி ஆளுநர் கேட்டுக்கொண்டபோது அதிகமாக அடங்கின. எதிர்க்கட்சிக்காரர் சொன்னதைக் கேட்டார்கள்! வாஷிங்டனில் தன் கட்சித் தலைமை ஒரு பக்கம் இழுக்கும்போது ஒரு ஆளுநர் இன்னொரு பக்கம் பேசுகிறார் என்றால், விஷயம் உண்மையிலேயே பெரிதுதான் போலிருக்கிறது என்று கேட்பவருக்குத் தோன்றும். அந்தப் பேச்சில் அவருக்கு லாபம் இல்லை என்பது பார்த்தவுடன் தெரிகிறது. என் ஊகம் இது.

ஜூன் 6

"அப்படியென்றால் பிரேசிலில் தடுப்பூசி யாருமே போட்டிருக்கக் கூடாதே?" என்று கிண்டலாகக் கேட்டிருக்கிறார் ஒரு நண்பர். கிண்டல் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது.

பொல்சனாரோ தடுப்பூசியைக் கிண்டலடித்தார், போட்டுக்கொண்டால் முதலையாகிவிடுவீர்கள் என்றெல்லாம் 2020 டிசம்பரில் பேசினார். ஆனாலும் பிரேசில் மக்கள் அலையலையாகப் போய் ஊசி போட்டுக்கொண்டார்கள். விகிதத்தில் அமெரிக்காவையே தாண்டிவிட்டார்கள். காரணம் அந்த நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பு. போலியோ பிரச்சாரத்துக்காக 1986-ல் சொட்டு மருந்து வடிவில் ஒரு கார்ட்டூன் பாத்திரத்தை உருவாக்கினார்கள், பெயர் 'சே கொட்டின்யா'. அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் 2021-ல் பிள்ளை குட்டியோடு நின்றது. அதிபர் பேச்சுக்கு அங்கே ஒரு போட்டி இருந்தது, அந்தப் போட்டிக்கு 35 வருஷ மூப்பு.

மாஸ்க்குக்கும் விலகியிருத்தலுக்கும் அப்படி ஒரு பழைய பழக்கம் இல்லை. எது எப்படி என்று யாருக்கும் தெரியாத புது விஷயத்தில்தான் தலைவரின் வாய்க்கு வலு. பழகிய விஷயத்தில் அது குறைந்துவிடுகிறது.

ஜூன் 9

விதி மீறிய தலைவர்களைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். பட்டியல் போட்டால் இந்த உரையாடல் இழை முடியாது. மூன்று போதும்.

முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது. பிரிட்டனில் பிரதமரின் தலைமை ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ், ஊரடங்கு நடுவில் மனைவி குழந்தையோடு லண்டனிலிருந்து டர்ஹாமுக்குக் காரில் போனார். பிறகு அங்கிருந்து பார்னார்டு காசில் என்ற ஊருக்கு ஒரு சவாரி. ஏன் என்று கேட்டால், நீண்ட பயணத்துக்கு முன் கண் சரியாகத் தெரிகிறதா என்று ஓட்டிப் பார்த்தாராம். 2020 மே 22-ல் செய்தி வெளியானது. பிரதமர் அவரைக் கைவிடவில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்காரர்கள் அப்போது 40,000-க்கும் மேற்பட்டோரிடம் தொடர்ந்து கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அதனால் அந்த வாரம் நடந்தது அப்படியே பதிவாகியிருக்கிறது. அரசு இந்த நோயைச் சமாளிக்கும் என்ற நம்பிக்கை இங்கிலாந்தில் சரிந்தது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அவரவர் அரசுகள் மீது இருந்த நம்பிக்கை அப்படிச் சரியவில்லை. கிருமி ஒன்று, தீவு ஒன்று. கார் ஓட்டியவர் எந்த அரசின் ஆள் என்பதுதான் வித்தியாசம்.

ஸ்காட்லாந்துக்கும் அதற்கு முந்தைய மாதமே ஒரு சோதனை வந்துவிட்டது. தலைமை மருத்துவ அதிகாரி கேத்தரின் கால்டர்வுட், வீட்டிலேயே இருங்கள் என்று மக்களுக்குச் சொல்லிக்கொண்டே தன் இரண்டாவது வீட்டுக்குப் போய் வந்திருந்தார். படம் வெளியானது ஏப்ரல் 5, பதவி விலகியதும் அன்றே. இதையும் கம்மிங்ஸ் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மீறல் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒருவர் போய்விட்டார், இன்னொருவர் தோட்டத்தில் மேசை போட்டு உட்கார்ந்து விளக்கம் சொன்னார்.

மூன்றாவது நார்வே. 2021 பிப்ரவரியில் பிரதமர் எர்னா சோல்பர்கின் 60-வது பிறந்தநாள். 10 பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற விதி இருக்கும்போது குடும்பத்தினர் 13 பேர் உணவகத்தில் சாப்பிட்டார்கள். அந்த இரவு அவர் அங்கே இல்லவே இல்லை, கண்ணைக் காட்ட மருத்துவமனை போயிருந்தார். (தலைவர்களுக்கும் கண்ணுக்கும் அந்த நோய்க் காலத்தில் ஏதோ இருந்திருக்கிறது.) இருந்தாலும் ஏற்பாட்டில் பங்கு உண்டென்று காவல்துறை 20,000 குரோனர் அபராதம் போட்டது. இந்த மாதிரி வழக்கில் வேறு ஆளாக இருந்தால் பெரும்பாலும் அபராதம் போட்டிருக்க மாட்டோம், ஆனால் கட்டுப்பாடுகளை அறிவித்துக்கொண்டிருந்தவரே இவர், விதிகள் மீது மக்கள் நம்பிக்கை நிற்க வேண்டும் என்று காவல்துறைத் தலைவர் வெளிப்படையாகவே சொன்னார். சட்டத்தின் முன் பிரதமருக்குக் கொஞ்சம் கூடுதல் அடி. எனக்கு இதில் முழு உடன்பாடு. வழக்கறிஞர் நண்பர்கள் சண்டைக்கு வரலாம்.

ஜூன் 10

வந்துவிட்டார்கள். "சட்டம் எல்லோருக்கும் சமம் என்பதுதான் நம்பிக்கையின் அடிப்படை, தலைவருக்குத் தனி அபராதம் என்றால் அது நாடகம்." சரி, நாடகம்தான். நோய்க் காலத்தில் பாதி வேலை மேடையில் நடப்பதுதான். பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தே பதவிக்கு வந்தவர்கள்.

ஜூன் 12

இதுவரை எழுதியதைப் படித்தால், "தலைவர் மேல் நம்பிக்கை இருந்தால் மக்கள் ஒழுங்காக இருப்பார்கள், இல்லாவிட்டால் கெட்டுப்போவார்கள்" என்று நான் சொல்வது போல இருக்கிறது. அப்படி நேர்க்கோடாக இல்லை. ஹாங்காங் இருக்கிறது.

2019 ஜூன் முதல் அங்கே அரசுக்கு எதிரான பெரும் போராட்டம். அக்டோபரில் போராட்டக்காரர்கள் முகத்தை மூடக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். நாலு மாதத்தில் கொரோனா. 2020 பிப்ரவரி தொடக்கத்தில் தலைமை நிர்வாகி கேரி லாம், மாஸ்க் கையிருப்பு போதாது, அதிகாரிகள் தேவையில்லாமல் அணிய வேண்டாம் என்றார். மக்கள் கேட்டார்களா? கிட்டத்தட்ட ஒருவர் விடாமல் மாஸ்க் போட்டார்கள். 2003-ல் சார்ஸ் என்ற கொள்ளைநோயில் 299 பேர் செத்த ஊர் அது. இந்த அரசை நம்பி உட்கார்ந்தால் காரியம் ஆகாது என்று அவர்களே தேடி, வாங்கி, பகிர்ந்துகொண்டார்கள். அங்கே அவநம்பிக்கைதான் ஆட்களைக் காப்பாற்றியது.

எதிர்ப்பக்கம் சிங்கப்பூர். அரசை நம்பும் மக்கள், 2020 பிப்ரவரியில் பிரதமர் லீ சியென் லூங் மூன்று மொழிகளில் நிதானமாகப் பேசினார், பதற்றத்தில் பொருள் வாங்கிக் குவிப்பது தணிந்தது. ஆனால் அங்கே ஆய்வு செய்த இருவர் அதற்கு 'நம்பிக்கையின் முரண்' என்று பெயர் வைத்தார்கள். அரசு பார்த்துக்கொள்ளும் என்ற தைரியம் அதிகமாகி, நமக்கு ஆபத்து குறைவு என்று நினைத்து, தாங்களாகச் செய்ய வேண்டியதைச் சிலர் செய்யாமல் விட்டார்கள் என்பது அவர்கள் வாதம்.

ஆக நம்பிக்கை குறைந்தாலும் சிக்கல், கூடினாலும் சிக்கல் என்று ஒருவர் எழுதப்போகிறார், அதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். ஹாங்காங்கில் தலைவர் மீது நம்பிக்கை இல்லை, அக்கம்பக்கத்தின் மீது இருந்தது. அந்த இரண்டாவதும் இல்லாத இடத்தில் அவநம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பது வேறு கதை.

ஜூன் 16

சித்தப்பா கதை. அவருடைய தலைவர் யார் என்று கேட்காதீர்கள், இழை இரண்டாகிவிடும்.

தலைவர் ஆரம்பத்தில் நோயைச் சிரித்துத் தள்ளினார். சித்தப்பாவும் தள்ளினார். குடும்பக் குழுவில் காலையில் ஒரு வீடியோ, மாலையில் ஒரு வீடியோ. பிறகு காற்று மாறி, அதே தலைவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஊசி போடும் படம் வந்தது. இனி பிரச்சினை இல்லை என்று நினைத்து நான்தான் அதை அவருக்கு அனுப்பினேன். சித்தப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தை இரண்டு விரலால் விரித்து விரித்து, தலைவர் முகத்தை விட்டுவிட்டு நர்ஸின் கைக்குப் போனார். "சிரிஞ்சில் மூடியைக் கழற்றவே இல்லை பார். சும்மா படத்துக்கு." மூடி இல்லை என்று காட்டினேன். "அப்போது உள்ளே மருந்து இல்லை." பிறகு கொஞ்சம் யோசித்து, "பாவம், அவரைச் சொல்ல வைத்திருக்கிறார்கள்" என்றார். தலைவர் மேல் கோபமே இல்லை. அன்பு கூடித்தான் இருந்தது.

டிரம்ப்புக்கு நடந்ததும் இதுதான். 2020 ஏப்ரல் 3-ல் மாஸ்க் பரிந்துரையை அவரே அறிவித்து, நான் போடப்போவதில்லை என்று அதே மூச்சில் சொன்னார். பொதுவெளியில் அவர் மாஸ்க்கோடு முதலில் தெரிந்தது ஜூலை 11-ல், ஒரு ராணுவ மருத்துவமனையில். 2021 ஆகஸ்ட் 21, அலபாமாவில் கல்மன் என்ற ஊரில் கூட்டம். தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், நானும் போட்டுக்கொண்டேன், நல்லது என்கிறார். அவருடைய சொந்தக் கூட்டம் ஊளையிட்டது. உடனே அவர், சரி சரி, அது உங்கள் சுதந்திரம் என்று இறங்கிவந்தார். அந்தத் தடுப்பூசி அவர் ஆட்சியில் பணம் கொட்டி விரைவுபடுத்தியது, தன் சாதனை என்று அவரே பெருமைப்பட்டது. அதைக்கூடத் தன் ஆட்களிடம் விற்க முடியவில்லை.

இதன் விலையையும் சொல்லிவிடுகிறேன். ஒஹையோ, புளோரிடா இரண்டு மாநிலங்களிலும் இறந்தவர்களை வாக்காளர் பதிவோடு பொருத்திப் பார்த்தார்கள். 2021 மே 1-க்குப் பிறகு, அதாவது பெரியவர்கள் எல்லோருக்கும் ஊசி கிடைக்க ஆரம்பித்த பின், குடியரசுக் கட்சியினரின் கூடுதல் மரண விகிதம் (வழக்கமாக எதிர்பார்க்கும் சாவுகளுக்கு மேல் நடந்தவை) ஜனநாயகக் கட்சியினரைவிட 43 சதவீதம் அதிகம். தலைவரின் அலட்சியம் எதிரிகளைக் கோபப்படுத்தியது. செத்தது அதிகமும் வேண்டியவர்கள்.

சித்தப்பா கடைசியில் ஊசி போட்டுக்கொண்டார். ஏதோ பயணத்துக்குச் சான்றிதழ் கேட்டார்கள், அவ்வளவுதான்.

ஜூன் 17

"அப்போது தலைவர் மனம் மாறினாலும் பயனில்லை என்கிறீர்களா?" இல்லை. அதே டிரம்ப் ஊசி பற்றிச் சொன்னதை வைத்து ஒரு குட்டி விளம்பரம் தயாரித்து, ஊசி குறைவாகப் போட்ட மாவட்டங்களில் யூடியூபில் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்த மாவட்டங்களில் 1 லட்சத்துக்குச் சற்று அதிகமான ஊசிகள் கூடுதலாகப் போடப்பட்டதாகக் கணக்கு. கூட்டத்தில் பத்தாயிரம் பேர் நடுவில் நின்று கேட்பதும், வீட்டில் தனியாகக் கைபேசியில் கேட்பதும் ஒன்றல்ல. கூட்டத்தில் பக்கத்தில் நிற்பவன் ஊளையிட்டால் நாமும் இடுவோம்.

ஜூன் 22

கேமரா முன்னால் ஊசி போடுவது பற்றி மருத்துவமனையில் வேலை பார்க்கும் தோழி நீளமாக எழுதியிருக்கிறார். அது எப்போதும் நல்லது என்ற அவருடைய முடிவு எனக்கு ஒப்பவில்லை.

நல்ல உதாரணம் இருக்கிறது. 1768-ல் ரஷ்யப் பேரரசி கேத்தரின், தாமஸ் டிம்ஸ்டேல் என்ற ஆங்கில மருத்துவரை வரவழைத்துப் பெரியம்மைக்குக் குத்திக்கொண்டார். அது பிற்காலத்துத் தடுப்பூசி இல்லை. நிஜ அம்மைச் சீழையே உடம்பில் ஏற்றுவது. சாக வாய்ப்பு உண்டு. பேரரசி செத்தால் மருத்துவரை ஊர் விடாது என்று, அவர் தப்பிப்போக வழிநெடுகக் குதிரைகளைத் தயாராக நிறுத்திவைத்திருந்தார்கள். பிழைத்தார். மகனுக்கும் குத்தினார்கள். பிரபுக்கள் வரிசைகட்டினார்கள். அவர் உண்மையிலேயே உயிரைப் பணயம் வைத்தார், அது எல்லோருக்கும் தெரிந்தும் இருந்தது.

1976-ல் அமெரிக்க அதிபர் ஃபோர்டு அக்டோபர் 14 அன்று படம்பிடிக்கச் சொல்லிப் பன்றிக் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டார். சில நாட்களுக்கு முன் பிட்ஸ்பர்கில் ஊசி போட்ட முதியவர்கள் சிலர் இறந்ததால் கிளம்பிய பீதியைத் தணிக்கத்தான். 4 கோடிப் பேருக்கு மேல் போட்டாயிற்று, எதிர்பார்த்த கொள்ளைநோய் வரவில்லை. ஆனால் நரம்பைத் தாக்கும் கியான்-பாரே நோய் சிலருக்கு வந்தது, டிசம்பரில் திட்டத்தையே நிறுத்தினார்கள். தலைவர் தன் முகத்தை அடகு வைத்தால், பொருள் பழுதானால் முகமும் போகும்.

இந்தோனேசியாவில் 2021 ஜனவரி 13. அதிபர் ஜோகோ விடோடோ முதல் ஊசி. போட்ட மருத்துவரின் கை நடுங்கியது நேரலையில் எல்லோருக்கும் தெரிந்தது. அதே நாளில் இளைஞர்களை இழுப்பதற்காக ராஃபி அகமது என்ற நட்சத்திரத்துக்கும் போட்டார்கள். அன்று இரவே அவர் ஒரு விருந்தில் மாஸ்க் இல்லாமல் நிற்கும் படம் ஊர் முழுக்கச் சுற்றியது. மறுநாள் மன்னிப்பு.

நம் எல்லோருக்கும் நினைவிருப்பது விவேக். 2021 ஏப்ரல் 15-ல் நல்ல மனதோடு மக்கள் பயம் போக வேண்டும் என்று அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார், 17-ல் மாரடைப்பால் இறந்தார். இதயத் தமனி அடைப்புதான் காரணம், ஊசி இல்லை என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள், பிறகு ஆராய்ந்த தேசியக் குழுவும் அதையே சொன்னது. ஆனால் படம் ஒரு பக்கம், அறிக்கை ஒரு பக்கம் என்றால் எது நிற்கும்? ஒரே ஒரு முகத்தின் மேல் முழுப் பிரச்சாரத்தையும் ஏற்றுவதில் உள்ள ஆபத்து இது. யார் தவறும் இல்லை. அதனால்தான் ஒரு நாளில் ஒருவர் என்று போடாமல், பல தரப்பு ஆட்களை ஒன்றாக உட்காரவைத்துப் போட வேண்டும் என்பது என் கட்சி.

ஜூலை 1

கொரோனாவிலேயே சுற்றுகிறோம் என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். எய்ட்ஸுக்குப் போவோம்.

தென்னாப்பிரிக்க அதிபர் தாபோ எம்பெக்கி, எச்ஐவிதான் எய்ட்ஸுக்குக் காரணமா என்றே சந்தேகம் கிளப்பினார். அவருடைய சுகாதார அமைச்சர் பூண்டும் பீட்ரூட்டும் சாப்பிடச் சொன்னார். 2000 முதல் 2005 வரை மருந்து கொடுக்காமல் தாமதித்ததில் 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008-ல் கணக்கிட்டார்கள். இதில் பெரும்பங்கு மருந்து வராதது. ஆனால் பரிசோதனைக்கே போகாமல் இருக்க ஒரு சாக்கும் மேலிருந்து கிடைத்தது.

அதே நாட்டில் 2005 ஜனவரியில் மண்டேலா தன் வீட்டில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, என் மகன் எய்ட்ஸால் இறந்தான் என்று சொன்னார். காசநோய், நிமோனியா என்று ஊரே மறைத்துக்கொண்டிருந்த காலம். அவர் ஆலோசனை சொல்லவில்லை, விதி போடவில்லை. தன் வீட்டுச் சாவுக்குப் பெயர் வைத்தார்.

ஜேக்கப் ஜூமா கதை இன்னும் விசித்திரம். தான் விடுதலையான 2006 பாலியல் வன்கொடுமை வழக்கில், உறவுக்குப் பின் குளித்துவிட்டால் தொற்று ஆபத்து குறையும் என்று நினைத்ததாக நீதிமன்றத்தில் சொன்னவர். கேலிச்சித்திரக்காரர்கள் அவர் தலைமேல் ஷவரையே முளைக்கவைத்துவிட்டார்கள். அதிபரான பின் 2010 ஏப்ரலில் தன் எச்ஐவி பரிசோதனை முடிவை மேடையில் அறிவித்து, 1.5 கோடிப் பேரைச் சோதிக்கும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மருந்து விநியோகமும் அவர் ஆட்சியில்தான் பெரிதாக விரிந்தது. யோக்கியரா என்று கேட்டால் இந்த இழையில் இடமில்லை. ஆனால் பரிசோதனைக்குப் போக வெட்கப்பட்டவனுக்கு, ஊர் சிரித்த மனிதரே போய் வந்தார் என்பது ஒரு விதத்தில் வசதி.

ஜூலை 4

"மக்களுக்கு அறிவு இல்லை, விழிப்புணர்வு கொடுத்தால் போதும், தலைவர் எதற்கு?"

லைபீரியாவில் எபோலா நோய் பரவியபோது இதைச் சோதித்துவிட்டார்கள். தலைநகர் மன்ரோவியாவில் வீடு வீடாகக் கேட்டதில், அரசை நம்பாதவர்கள் வீட்டில் முன்னெச்சரிக்கையும் குறைவாக எடுத்தார்கள், பாதுகாப்பான அடக்கம் போன்ற விதிகளையும் எதிர்த்தார்கள். ஆனால் எபோலா எப்படிப் பரவும், அறிகுறி என்ன என்று கேட்டால் மற்றவர்களுக்குத் தெரிந்த அளவு அவர்களுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே செய்யவில்லை. பாடம் எடுப்பவர்களுக்கு இது கசப்பான செய்தி. நானும் கிடங்கில் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியவன்தான்.

177 நாடுகளைப் பார்த்து 2022-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வும் இதையொட்டியே. கொள்ளைநோய்க்கு எந்த நாடு எவ்வளவு தயார் என்று போட்ட மதிப்பெண்களுக்கும் தொற்று அளவுக்கும் தொடர்பு தென்படவில்லை. அரசின் மீதான நம்பிக்கைக்கும், அதைவிட மக்கள் ஒருவர் மேல் ஒருவர் வைத்த நம்பிக்கைக்கும் தொடர்பு இருந்தது. 2019-ல் வந்த தயார்நிலைப் பட்டியலில் முதலிடம் அமெரிக்கா, இரண்டாமிடம் பிரிட்டன். சிரிக்காதீர்கள்.

ஜூலை 5

தான்சானியா விட்டுப்போயிற்று என்று நினைவூட்டியவருக்கு நன்றி. அதிபர் மகுஃபுலி 2020-ல் தொற்று எண்ணிக்கை வெளியிடுவதையே நிறுத்தினார், 509-லேயே நின்றது. பப்பாளிக்கும் ஆட்டுக்கும் சோதனை செய்ததில் கொரோனா இருப்பதாக வந்தது என்று சோதனைக் கருவியையே கேலி செய்தார். ஆவி பிடிக்கச் சொன்னார். 2021 மார்ச்சில் இறந்தார், இதயக் கோளாறு என்று அறிவித்தார்கள். அடுத்து வந்த சாமியா சுலுஹு ஹசன் ஜூலை 28-ல் பொதுவில் ஊசி போட்டுக்கொண்டார். மக்கள் உடனே ஓடிவரவில்லை. வேகம் பிடிக்க ரொம்ப காலம் ஆயிற்று. ஒருவர் ஒரு வருஷம் சொன்னதை இன்னொருவர் ஒரு படத்தால் அழிக்க முடியாது.

ஜூலை 12

"பழைய காலத்துத் தலைவர்கள் இப்படியெல்லாம் செய்திருக்க மாட்டார்கள்" என்று எழுதியவருக்கு: 1918, ஃப்ளூ கொள்ளைநோய்க் காலம், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ. மாஸ்க் கட்டாயம், போடாதவர்களுக்கு அபராதம், சிலருக்குச் சிறை. ஒரு குத்துச்சண்டைப் போட்டியில் எடுத்த புகைப்படத்தில் மேயர் ஜேம்ஸ் ரால்ஃப் மாஸ்க் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். அதே கூட்டத்தில் மாஸ்க் விதியைக் கொண்டுவந்த சுகாதார அதிகாரி வில்லியம் ஹாஸ்லரும் மாஸ்க் இல்லாமல். மேயர் 50 டாலர் கட்டினார், ஹாஸ்லர் 5 டாலர். சிறை இருவருக்கும் இல்லை.

ஜூலை 13

"அதனால் ஊர் மக்கள் விதியை விட்டுவிட்டார்களா?" நவம்பர் 21 வரை பெரும்பாலும் கடைப்பிடித்தார்கள், அன்று விதியை விலக்கியதும் தெருவிலேயே கழற்றி எறிந்தார்கள். நோய் திரும்பியதால் 1919 ஜனவரியில் மறுபடி மாஸ்க் ஆணை. இந்த முறை மாஸ்க் எதிர்ப்புச் சங்கம் என்று ஒன்று முளைத்து, அதன் கூட்டத்துக்கு 2,000 பேருக்கு மேல் வந்தார்கள். பிப்ரவரி 1-ல் ஆணை போயிற்று. அந்த ஒரு புகைப்படம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். மக்கள் களைத்திருந்தார்கள், போர் முடிந்து நாட்டுக்காக என்ற பேச்சும் எடுபடவில்லை. ஆனால் இரண்டாவது ஆணைக்கு ஆதரவாக முன்னால் நின்று பேச வேண்டியிருந்தவர் அதே ஹாஸ்லர்.